ரெண்டு பரோட்டாவுல ஆரம்பிச்ச மேட்டர்!

12 பந்து. 37 ரன். எதிர்ல திண்டுக்கல் டிராகன்ஸ். பக்கத்துல, ‘கடைக்குப் போலாமா மக்கா?’ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்கிற நண்பன். இந்த நிலைமையில பந்தயத்தை டபுள் பண்ணுறவனை என்ன சொல்வீங்க? நீங்க சொல்றது சரிதான். அது நான்தான்!

2023 ஜூலை 10. திருநெல்வேலி சங்கர் நகர் இந்தியா சிமென்ட்ஸ் கிரவுண்டு. டி.என்.பி.எல். இரண்டாவது குவாலிஃபயர். ஜெயிச்சா ஃபைனல், தோத்தா வீடு. பிளஸ் டூ முடிச்சு, கவுன்சிலிங்குக்காக தேவுடு காத்துக்கிட்டு இருந்த காலம் அது. வெட்டியா இருந்ததால நெல்லை ராயல் கிங்ஸ் ஆடுற ஒவ்வொரு மேட்ச்சும் எங்களுக்குச் சொந்தப் பிரச்னை.

நண்பன் பாளையங்கோட்டைக்காரன்தான். ஆனா மாமா வீடு திண்டுக்கல். அந்த ஒரே காரணத்துக்காக அந்தப் பக்கம் சாஞ்சுட்டான் (துரோகி!). பந்தயம் ரெண்டே ரெண்டு பரோட்டா, சால்னா. திண்டுக்கல் 185 ரன் அடிச்சதுமே அவன் வாயில சால்னா வாசம் வந்துடுச்சு.

18 ஓவர் முடிஞ்சப்ப பக்கத்து வரிசையில ஒரு குடும்பமே செருப்பைத் தேட ஆரம்பிச்சிருந்தது. “வாபஸ் வாங்கிக்கலே, பாவம் பாக்குறேன்”னான். ரோஷம் வந்துடுச்சு. “ரெண்டு இல்ல, நாலு பேருக்கும் ஃபுல் சாப்பாடு”ன்னேன். பாக்கெட்ல பஸ்ஸுக்கு மட்டும்தான் காசு.

அப்புறம் நடந்ததுதான் 19-வது ஓவர். ரித்திக் ஈஸ்வரனும் அஜிதேஷும் நின்னாங்க. ஒரு சிக்ஸர் போனப்ப கை தட்டினோம். அடுத்தது போனப்ப எழுந்து நின்னோம். அதுக்கு மேல எண்ணிக்கை தப்பிப்போச்சு. செருப்பு தேடின குடும்பம் செருப்பு இல்லாமலே குதிச்சுக்கிட்டு இருந்தது. அந்த ஒரே ஓவர்ல 33 ரன்! பந்து போட்டவர் பேரை எழுத மனசு வரல. அவருக்கும் அது ஒரு ராத்திரிதானே. கடைசி ஓவருக்கு மிச்சம் வெறும் 4 ரன். 7 விக்கெட் வித்தியாசத்துல ஜெயிச்சு நெல்லை ஃபைனலுக்குப் போச்சு.

வண்ணாரப்பேட்டையில அண்ணாச்சி கடையில அன்னைக்கு நாங்க சாப்பிட்ட பரோட்டாவுக்குக் கணக்கே இல்ல. நண்பன் கடன் சொல்லிட்டு வந்தான். முகத்துல ஒரு வருத்தமும் இல்ல. தோத்த மேட்ச்சை எங்களைவிட அதிகமா ரசிச்சுப் பேசினதே அவன்தான்.

கதை இங்க முடிஞ்சிருந்தா நல்லாருக்கும். முடியல.

ரெண்டு நாள் கழிச்சு, ஜூலை 12, அதே கிரவுண்டுல ஃபைனல். எதிரி லைகா கோவை கிங்ஸ். பரோட்டா எல்லாம் சின்னப் பசங்க மேட்டர்னு தோணிடுச்சு. எங்க தெருப் பக்கம் ஒரு அண்ணன் காசு வெச்சுப் பந்தயம் பிடிப்பார். அவர்கிட்ட 3,000 ரூபாய் கட்டினேன். ஹாஸ்டலுக்குப் பெட்டி, பக்கெட், தலகாணி வாங்க அம்மா கொடுத்து வெச்ச பணம். எங்கம்மா பீடி சுத்துறவங்க. முறத்தை மடியில வெச்சுக்கிட்டு, ராத்திரி சீரியல் பார்க்கிறப்பவும் அவங்க விரல் நிக்காது. அந்த 3,000 எத்தனை ராத்திரின்னு கணக்குப் போடத் தெரியாதவன் இல்ல நான். போடல, அவ்வளவுதான்.

ப்ராபபிலிட்டியை அப்புறம் காலேஜ்லதான் ஒழுங்கா படிச்சேன். ஒரு தடவை தலை விழுந்தா அடுத்த தடவையும் தலைதான்னு நம்பின கேஸ் நான்.

கோவை 205 ரன். நெல்லை 104 ரன் வித்தியாசத்துல காலி. இந்தத் தடவை யாருமே செருப்பைத் தேடல, எல்லாரும் போட்டுக்கிட்டு ரெடியாத்தான் இருந்தாங்க.

வீட்டுக்குப் போகப் பிடிக்காம மறுநாள் குறுக்குத்துறை படித்துறையில சாயந்திரம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். நண்பன்தான் தேடி வந்தான். “மொதல்ல அம்மாகிட்ட சொல்லுலே, மத்ததை அப்புறம் பாப்போம்”னான். வாசல்ல நின்னுக்கிட்டே சொன்னேன். அம்மா திட்டல. இலையை வெட்டிக்கிட்டே, “அப்போ யாருதான் ஜெயிச்சா?”ன்னு கேட்டாங்க. நாலு அறை விட்டிருந்தாகூடத் தாங்கியிருப்பேன் மக்களே.

அடுத்த மாசம் பூரா தண்ணி கேன் போட்டேன். மாடி வீடுன்னா இன்னும் பயம்தான். பாதிப் பணம்தான் தேறுச்சு. அப்பாவோட பழைய டிரங்குப் பெட்டியோட ஹாஸ்டல் போனேன்.

செல்போன்ல டீம் போட்டுப் பணம் கட்டுற ஆட்டங்களுக்கு 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை விதிச்சது. எங்க ஹாஸ்டல்ல ராத்திரி 11 மணிக்கு மேல மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரியிற கூட்டத்தை அதுவரைக்கும் தினமும் பார்த்திருக்கேன். தெரு அண்ணன்களுக்கு ஆப் தேவையில்லை, அதுதான் பிரச்னை.

நாங்க இப்பவும் பந்தயம் கட்டுறோம். ரெண்டு பரோட்டா, சால்னா. அதுக்கு மேல ஒரு ஆம்லேட்கூடக் கிடையாது. நான் ஹாஸ்டல் கிளம்பின அன்னைக்கு நண்பன் ஒரு சிவப்புக் கலர் பிளாஸ்டிக் பக்கெட்டைத் தூக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கே வந்தான். “திண்டுக்கல் ஸ்பான்சர்”னான். கைப்பிடி போன வருஷமே உடைஞ்சுடுச்சு. கயிறு கட்டி ஓட்டிக்கிட்டு இருக்கேன்.