பதினைந்து விநாடிப் பேச்சு

மாலை ஏழு மணிவாக்கில் ஹாம் ரேடியோவை 14.074 மெகாஹெர்ட்ஸுக்குத் திருப்பிப் பாருங்கள். பேச்சுக் குரல் கேட்காது, மோர்ஸ் தட்டும் ஒலியும் கேட்காது. நாலைந்து புல்லாங்குழல்காரர்கள் ஆளுக்கொரு சுருதியில் ஒரே மூச்சாக ஊதுவது போன்ற ஒலி வரும். பன்னிரண்டரை விநாடி கழிந்ததும் எல்லாக் குழல்களும் ஒன்றாக நின்றுவிடும். இரண்டு விநாடிக்குச் சற்றுக் கூடுதலாக வெறும் இரைச்சல். பிறகு வேறு குழல்கள் தொடங்கும். உலகம் முழுக்க ஒரே கணத்தில் தொடங்கி ஒரே கணத்தில் ஓயும் இந்த ஊதலுக்கு எஃப்டி8 என்று பெயர். ஒவ்வொரு குழலுக்குப் பின்னாலும் ஒருவர் இருக்கிறார். தான் யார், எந்த ஊர் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நம் காதுக்கு அது புரியாது, கணினிக்குப் புரியும். அந்தக் கணினியை அதற்குப் பழக்குவது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

ஹாம் ரேடியோ என்னும் அமெச்சூர் வானொலி, அரசுத் தேர்வு எழுதி உரிமம் வாங்கியவர்கள் லாப நோக்கமில்லாமல் ஒருவரோடொருவர் தொடர்புகொள்ளும் கலை. உரிமம் பெற்ற ஒவ்வொரு ஹாமுக்கும் ஓர் அழைப்புக் குறி உண்டு. இந்தியாவில் பெரும்பாலும் வியூ2, வியூ3 என்று தொடங்கும். இலங்கையில் 4எஸ்7. வாயால் பேசுவதும் மோர்ஸ் தட்டுவதும் பழைய வழிகள். வீட்டுக் கணினியில் சவுண்டு கார்டு வந்த பிறகு எழுத்தை ஒலியாக்கி அனுப்பும் முறைகள் பெருகின. 1998 வாக்கில் பிரிட்டனின் பீட்டர் மார்ட்டினெஸ் உருவாக்கிய பிஎஸ்கே31 அவற்றில் புகழ்பெற்றது. அதில் விசைப்பலகையில் தட்டத் தட்ட எழுத்துகள் எதிராளியின் திரையில் விழும். அரட்டைக்கு அது அருமையானது. மெலிந்துபோன சிக்னலுக்கு அது போதாது.

மெலிந்த சிக்னலைப் பிடிப்பதையே வாழ்நாள் வேலையாக வைத்திருந்த ஒருவர் இந்தத் துறைக்குள் வந்ததுதான் பெரிய திருப்பம். அவர் ஜோசப் டெய்லர், சிறுவயதிலிருந்தே ஹாம். 1974-இல் ரஸ்ஸல் ஹல்ஸும் அவரும் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியைக் கொண்டு, ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன்களில் ஒன்றான, சீராகத் துடிக்கும் பல்சார் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதற்காக 1993-இல் இருவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. விண்மீனின் துடிப்பை இரைச்சலுக்குள் தேடி எடுத்த அந்தக் கணக்கறிவை, பின்னாளில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி, ஹாம்களுக்காக ஒரு மென்பொருளாக்கினார். 2001-இல் வந்த டபிள்யூஎஸ்ஜேடிதான் அது. இன்று டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் என்ற பெயரில் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் நிரலையும் யாரும் திறந்து படிக்கலாம். 2017-இல் ஸ்டீவ் ஃபிராங்கியும் டெய்லரும் சேர்ந்து அதில் சேர்த்ததுதான் எஃப்டி8. முதல் இரண்டு எழுத்துகள் அவர்களுடைய குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகள், 8 என்பது அது பயன்படுத்தும் சுரங்களின் எண்ணிக்கை.

எட்டே சுரங்கள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 6.25 ஹெர்ட்ஸ்தான் இடைவெளி. மொத்தக் குழலும் 50 ஹெர்ட்ஸ் அகலத்தில் அடங்கிவிடும். இதற்குள் என்ன சொல்ல முடியும்? 77 பிட் சொல்லலாம், அதற்கு மேல் கிடையாது. ஓர் அழைப்புக் குறிக்கு 28 பிட், எதிராளியின் குறிக்கு 28, ஊருக்கு 15, மிச்சம் சில்லறைக் குறிப்புகளுக்கு. வந்து சேர்ந்தது சரிதானா என்று சோதிக்க 14 பிட்டைக் கூடச் சேர்த்தால் 91. வழியில் சிதைந்தாலும் மீட்டெடுக்கும்படி 83 பிட்டைக் காப்பாகச் சேர்த்தால் 174. ஒரு சுரம் மூன்று பிட்டைச் சுமக்கும், ஆகவே 58 சுரங்கள். 'இதோ இருக்கிறேன்' என்று அடையாளம் காட்ட 21 சுரங்கள். ஆக 79. ஒவ்வொன்றும் 0.16 விநாடி என்றால் 12.64 விநாடி. நாம் கேட்ட பன்னிரண்டரை விநாடிக் குழலோசை இதுதான்.

இவ்வளவு சிக்கனத்துக்குக் கிடைக்கும் பலன் பெரிது. 2,500 ஹெர்ட்ஸ் அகலத்தில் உள்ள இரைச்சலோடு ஒப்பிட்டால், சிக்னல் 21 டெசிபல் தாழ்ந்து கிடந்தாலும் எஃப்டி8 படித்துவிடும். அதாவது, சிக்னலைவிட இரைச்சல் நூறு மடங்குக்கும் மேல். 50 ஹெர்ட்ஸ் என்னும் தன் ஒற்றையடிப் பாதைக்குள் மட்டும் பார்த்தால் நிலைமை அத்தனை மோசமில்லை. அங்கும் சிக்னல் இரைச்சலுக்குக் கீழேதான் இருக்கும் என்றாலும், அந்தக் காப்பு பிட்டுகள் கைகொடுத்துத் தூக்கிவிடும்.

ஊரைச் சொல்ல 15 பிட் போதுமா என்று கேட்கலாம். உலக வரைபடத்தைக் கட்டம் போட்டுப் பெயர் வைத்திருக்கிறார்கள். லண்டனுக்கு அருகே மெய்டன்ஹெட் என்ற ஊரில் 1980-இல் கூடிப் பேசி முடிவு செய்ததால் அந்த ஊர்ப் பெயரே கட்டமுறைக்கும் நின்றது. சென்னை என்கே03, கோவை எம்கே81, திருச்சி எம்கே90, மதுரை எம்ஜே99. மென்பொருளைத் திறந்ததும் முதலில் நிரப்ப வேண்டியவை உங்கள் அழைப்புக் குறியும் இந்தக் கட்டப் பெயரும்தான்.

நான் முதன்முதலில் இதை நிறுவிய இரவை மறக்க முடியாது. வரும் சிக்னல்களைக் கோடுகளாகக் காட்டும் வாட்டர்ஃபால் திரையில் மஞ்சள் கோடுகள் மேலிருந்து கீழே வழிந்துகொண்டே இருந்தன. ஆனால் அவற்றைப் படித்து எழுத வேண்டிய கட்டத்தில் ஒரு வரிகூட விழவில்லை. கேபிளைப் பிடுங்கிச் சொருகினேன். மென்பொருளை இரண்டு முறை நீக்கி மறுபடி நிறுவினேன். நள்ளிரவுக்கு மேல் தற்செயலாகக் கைபேசியைப் பார்த்தபோதுதான் விளங்கியது: கணினிக் கடிகாரம் நாலு விநாடி பின்தங்கியிருந்தது. அதைச் சரிசெய்த அடுத்த கால் நிமிடத்தில் பதினேழு வரிகள் மளமளவென்று விழுந்தன. இந்தோனேசியா, இத்தாலி, ரஷ்யா, ஜப்பான்.

எஃப்டி8-இல் ஒவ்வொரு நிமிடமும் 0, 15, 30, 45 என்ற விநாடிகளில் பிரியும். எல்லாரும் அந்தக் கணக்கில்தான் ஊதுகிறார்கள், அந்தக் கணக்கில்தான் கேட்கிறார்கள். உங்கள் கடிகாரம் ஒரு விநாடிக்குள் சரியாக இருக்க வேண்டும். விண்டோஸ் தானாகக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளும்தான், ஆனால் அடிக்கடி செய்யாது. அதற்கென்றே உள்ள ஒரு நேர ஒத்திசைவு மென்பொருளை ஓடவிடுவது நல்லது. இணையம் இல்லாத மலையிலோ வயலிலோ ஆண்டெனா போடுகிறவர்கள் ஜிபிஎஸ் கருவியிலிருந்து நேரத்தை எடுத்துக்கொள்ளலாம். படித்த வரிகளோடு 'டிடி' என்றொரு பத்தி இருக்கும். அது எதிராளியின் நேரத்துக்கும் உங்கள் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம். ஒருவருக்கு மட்டும் 0.9 என்று காட்டினால் கோளாறு அவருடையது. எல்லாருக்கும் 0.9 காட்டினால் உங்களுடையது.

இனி கம்பிகள். ரேடியோப் பெட்டியை ஹாம்கள் ரிக் என்பார்கள். அண்மைக்கால ரிக்குகளில், உதாரணமாக ஐகாம் ஐசி-7300-இல், ஒரே யூஎஸ்பி கேபிள் இரண்டு வேலை செய்யும். ஒன்று, ஒலியைக் கொண்டுவந்து கொண்டுபோவது. இன்னொன்று, அலைவரிசையை மாற்று, அனுப்பத் தொடங்கு என்ற கட்டளைகளைச் சுமப்பது. இதைக் 'கேட்' என்பார்கள். கேபிளைச் சொருகுவதற்கு முன்பே ரிக் நிறுவனத்தின் டிரைவரை நிறுவிவிடுங்கள். பிறகு கணினியில் புதிய காம் போர்ட் தோன்றும். யாயேசு நிறுவனத்தின் ரிக்குகள் சிலவற்றில் இரண்டு தோன்றும். 'என்ஹான்ஸ்டு' என்று பெயர் இருப்பதே கட்டளைக்கானது. லினக்ஸில் உங்கள் பயனர் பெயர் 'டயல்அவுட்' குழுவில் இல்லாவிட்டால் போர்ட் இருந்தும் திறக்காது. மென்பொருளின் ரேடியோ பக்கத்தில் ரிக் மாதிரியையும் போர்ட்டையும் தேர்ந்தெடுத்து, பாட் வேகத்தை ரிக்கின் மெனுவில் உள்ளதோடு அச்சுப் பிசகாமல் பொருத்தி, 'டெஸ்ட் கேட்' பொத்தானை அழுத்துங்கள். அது பச்சையானால் கணினியும் ரிக்கும் கைகுலுக்கிவிட்டன. அடுத்து உள்ள 'டெஸ்ட் பிடிடி' ரிக்கை உண்மையாகவே அனுப்ப வைக்கும். ஆண்டெனாவோ, அதற்குப் பதிலாகச் சக்தியை வாங்கிக்கொள்ளும் டம்மி லோடோ மாட்டாமல் அதைத் தொடாதீர்கள்.

ரிக்கில் எப்போதும் 'யூஎஸ்பி' முறைதான். கேபிளுக்கும் இதே பெயர் இருப்பது புதியவர்களைக் குழப்பும். இது அப்பர் சைடுபேண்ட். 40 மீட்டர் பேண்டில் வாயால் பேசும்போது லோயர் சைடுபேண்ட் வைப்பது வழக்கம், எஃப்டி8-க்கு அங்கும் அப்பர்தான். வடிகட்டியை 3 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு அகலமாகத் திறந்துவையுங்கள். இரைச்சல் குறைப்பான்களை அணைத்துவிடுங்கள். அவை மனிதக் காதுக்காகச் செய்தவை, மென்பொருளுக்கு இடைஞ்சல்தான்.

ஒலிப் பக்கத்தில் உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் ரிக்கின் 'யூஎஸ்பி ஆடியோ கோடெக்'கையே தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸின் பொது ஒலி மட்டும் அதற்குப் போகக் கூடாது. அந்தப் பொது ஒலியைக் கணினியின் சொந்த ஸ்பீக்கருக்குத் திருப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் மின்னஞ்சல் வந்த மணியோசை 14 மெகாஹெர்ட்ஸில் ஏறிக் கடல் கடந்து போகும். மென்பொருளின் இடது மூலையில் வெப்பமானி போல ஒரு பச்சைக் குழாய் இருக்கும். பேண்டில் வெறும் இரைச்சல் மட்டும் இருக்கும்போது அது 30 டெசிபல் அருகே நிற்க வேண்டும். அவ்வளவுதான் கேட்பதற்கான ஏற்பாடு.

அனுப்புவதுதான் பொறுப்பான காரியம். நான் அனுப்பத் தொடங்கிய மூன்றாம் நாள், பக்கத்து மாவட்ட நண்பர் தொலைபேசியில் அழைத்தார். "ஓஎம் (ஹாம்கள் ஒருவரையொருவர் விளிக்கும் சொல்), உங்க சிக்னல் மூணு இடத்துல தெரியுது. 700-ல ஒண்ணு, 1400-ல ஒண்ணு, 2100-ல ஒண்ணு. ஆடியோவைக் குறைங்க." எவ்வளவு ஒலியைத் திணிக்கிறேனோ அவ்வளவு தூரம் போகும் என்று நம்பிக் குமிழை முழுக்கத் திருகியிருந்தேன். ரிக்கில் ஏஎல்சி என்றொரு முள் உண்டு. ஒலி மிகுந்துவிட்டால் ரிக் தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் கடிவாளம் அது. அந்த முள் எழும்பியது என்றால் சுரம் உருக்குலைகிறது என்று அர்த்தம். 700 ஹெர்ட்ஸ் சுரம் தன் இருமடங்கிலும் மும்மடங்கிலும் பேய் உருவங்களைக் கிளப்பும். அந்த இடங்களில் எங்கோ ஒரு மெலிந்த சிக்னலை நம்பிக் காத்திருப்பவர்களுக்கு அது பெரும் அநியாயம். மென்பொருளின் வலது ஓரத்தில் 'பவர்' என்ற நகர்த்தி இருக்கிறது. ஏஎல்சி முள் படுத்துவிடும்வரை அதை இறக்குங்கள். பேச்சுக்கான கம்ப்ரெசரையும் அணைத்துவையுங்கள்.

இன்னொரு காப்பும் உண்டு. ரேடியோ பக்கத்தில் 'ஸ்பிளிட்' என்ற இடத்தில் 'ஃபேக் இட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், நீங்கள் 700-இல் அனுப்ப விரும்பினாலும் மென்பொருள் ரிக்கின் அலைவரிசையைச் சற்றுக் கீழிறக்கி, ஒலியை 1500-க்கும் 2000-க்கும் இடையில் வைத்து அதே இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். 1500-இன் இருமடங்கு 3000. அதை ரிக்கின் வடிகட்டியே வெளியே விடாது. இவ்வளவு எளிமையான, இவ்வளவு புத்திசாலித்தனமான தீர்வை நான் அதிகம் பார்த்ததில்லை.

வாட்டிலும் நிதானம் வேண்டும். பேச்சில் சொல்லுக்குச் சொல் இடைவெளி உண்டு. இங்கே 12.64 விநாடியும் ரிக் முழு மூச்சில் உழைக்கிறது, சூடேறும். 100 வாட் ரிக்கைப் பாதிக்குக் கீழே வையுங்கள். அனுப்பும்போது மவுஸ் உறைந்தாலோ ரிக் அனுப்புவதை நிறுத்த மறுத்தாலோ, ரேடியோ அலை யூஎஸ்பி கேபிளுக்குள் புகுந்திருக்கிறது. ஃபெரைட் வளையத்தில் கேபிளை நாலைந்து சுற்றுச் சுற்றினால் பெரும்பாலும் தீரும்.

எல்லாம் பொருந்திய பிறகு நடக்கும் உரையாடல் இப்படி இருக்கும். சென்னைக்காரர் 'சிக்யூ' என்று எல்லாரையும் அழைத்து, தன் குறியையும் என்கே03 என்பதையும் சொல்வார். அடுத்த பதினைந்து விநாடியில் டோக்கியோக்காரர் தன் குறியோடு பிஎம்95 என்பார். இவர் '−14' என்று அவர் சிக்னலின் நிலையைச் சொல்வார். அவர் 'ஆர்−11' என்று, கிடைத்தது, உங்களுடையது இது என்பார். இவர் 'ஆர்ஆர்73' என்று, எல்லாம் கிடைத்தது, வாழ்த்துகள் என்பார். அவர் '73' என்று வாழ்த்தி விடைபெறுவார். ஆறு முறை ஊதினால் ஒன்றரை நிமிடம், சுமார் 6,400 கிலோமீட்டர். இதில் உயிரில்லை, இரண்டு கணினிகள் பேசிக்கொள்கின்றன என்று மூத்த ஹாம்கள் சிலர் வருத்தப்படுவதுண்டு. அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. பிள்ளைகளைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேச எஃப்டி8-இல் இடமில்லை. ஆனால் மாடியில் பெரிய ஆண்டெனா போட வழியில்லாமல், பால்கனியில் ஒரு கம்பியைக் கட்டிவைத்திருக்கும் அடுக்குமாடிக்காரருக்கு உலகத்தைத் திறந்துவிட்டது இதுதான்.

உரிமம் இல்லாதவர்களும் கேட்டுப் பார்க்கலாம். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் உள்ள ரேடியோ ஒன்றை உலகில் யாரும் தங்கள் உலாவியிலேயே திருப்பிக் கேட்க முடியும். இன்றிரவு அதில் 40 மீட்டர் பேண்டில் உள்ள 7.074 மெகாஹெர்ட்ஸுக்குப் போய் அப்பர் சைடுபேண்டில் வைத்துக் கேளுங்கள். உரிமம் உள்ளவர்களிடம் ஒரு வேண்டுகோள்: முதல் ஒரு வாரம் கேளுங்கள், அனுப்ப வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள், டிடி பத்தியைப் பாருங்கள். பிறகு 20 வாட்டில், ஏஎல்சி முள் அசையாமல், ஒரு முறை சிக்யூ சொல்லுங்கள்.