இருதயம் துடித்தால் மட்டும் போதுமா?

‘பேஸ்மேக்கர்’ என்ற சொல்லைக் கேள்விப்படாதவர்கள் இன்று அநேகமாக இல்லை. இருதயத் துடிப்பு மிகவும் குறைந்து, அடிக்கடி மயங்கி விழுகிறவர்களுக்கு மார்புத் தோலின் அடியில் ஒரு சிறு கருவியை வைத்துத் தைத்துவிடுகிறார்கள். அதிலிருந்து செல்லும் கம்பி இருதயத்தை மெல்லிய மின்சாரத்தால் தட்டித் தட்டித் துடிக்கச் செய்கிறது. துடிப்பு நின்றால் அல்லவா ஆபத்து, துடித்துக்கொண்டிருந்தால் என்ன கவலை என்று நாம் எண்ணுகிறோம். வைத்தியர்களில் பலரும் நெடுங்காலம் ஏறக்குறைய அப்படித்தான் எண்ணியிருந்தார்கள்.

ஆனால் துடிப்பது வேறு, இரத்தத்தை ஒழுங்காக இறைப்பது வேறு. கம்பியின் நுனி இருதயத்தில் எந்த இடத்தைத் தொடுகிறது, எந்தக் கணத்தில் தட்டுகிறது என்பதைப் பொறுத்து இருதயத்தின் பலமே கூடவோ குறையவோ செய்யலாம். இதை உணர்ந்துகொள்ள வைத்திய உலகத்துக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு பிடித்தது.

நான்கு அறைகள், ஒரே ஒழுங்கு

நமது இருதயத்தில் மேலே இரண்டு அறைகளும் கீழே இரண்டு அறைகளும் இருக்கின்றன. நிமிஷத்துக்குச் சுமார் 72 தடவை, நாளொன்றுக்கு ஒரு லட்சம் தடவை அது துடிக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிஷத்துக்கு 5 லிட்டர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது.

இத்தனை வேலைக்கும் உத்தரவு எங்கிருந்து வருகிறது? வலது மேலறையின் உச்சியில் உள்ள சிறு முடிச்சு ஒன்றிலிருந்து மின் அலை கிளம்புகிறது. அது பரவியதும் மேலறைகள் முதலில் சுருங்குகின்றன. பிறகு மேலறைக்கும் கீழறைக்கும் இடையே உள்ள மற்றொரு முடிச்சில் அந்த அலை சுமார் பத்தில் ஒரு விநாடி தாமதிக்கிறது. இந்தத் தாமதம் வீணல்ல. மேலறையில் உள்ள மிச்ச இரத்தமும் கீழறையில் வந்து நிரம்ப அது அவகாசம் கொடுக்கிறது. கீழறையில் நிரம்பும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இந்தக் கடைசித் தள்ளலில்தான் வந்து சேருகிறது.

அதன் பிறகு மின் அலை ஒரு தண்டு வழியாக இறங்கி, வலது கிளை, இடது கிளை என்று பிரிந்து, மெல்லிய நார்களின் வலையாகக் கீழறைகள் முழுவதும் பரவுகிறது. ஸ்விட்சர்லாந்தில் பிறந்த வைத்தியர் வில்ஹெல்ம் ஹிஸ் 1893-ல் அந்தத் தண்டைக் கண்டறிந்தார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்த சுனாவோ தவாரா என்ற ஜப்பானியர் 1906-ல் இந்தப் பாதை முழுவதையும் விவரித்தார்.

இந்த நார்ப் பாதையில் மின் அலை விநாடிக்கு 2 முதல் 4 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. வெறும் தசையிலோ அதன் வேகம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ராஜபாட்டையில் ஓடும் குதிரைக்கும் வரப்பில் நடக்கும் மனிதனுக்கும் உள்ள வித்தியாசம்! அதனால்தான் பத்தில் ஒரு விநாடிக்குள் கீழறைகளின் எல்லாச் சுவர்களும் ஏறக்குறைய ஒன்றாகச் சுருங்க முடிகிறது. ஈரத் துணியை முறுக்கிப் பிழிவது போல் இடது கீழறை தன்னையே முறுக்கி இரத்தத்தை வெளியேற்றுகிறது.

பாலிஷ் டப்பாவில் பிறந்த கருவி

1958-ம் வருஷம் அக்டோபர் 8-ந் தேதி. ஸ்வீடன் நாட்டில் கரோலின்ஸ்கா ஆஸ்பத்திரியில் ஆர்னே லார்சன் என்ற 43 வயது எஞ்சினீயருக்கு ஆபரேஷன் நடந்தது. மேலறையின் உத்தரவு கீழறைக்கு வந்து சேராததால் அவர் ஒரே நாளில் பல தடவை மயங்கி விழுந்துகொண்டிருந்தார். ரூனே எல்ம்குவிஸ்ட் என்ற எஞ்சினீயர் செய்த கருவியை டாக்டர் ஓக்கே சென்னிங் அவர் உடலுக்குள் பொருத்தினார். பூட்ஸ் பாலிஷ் டப்பாவையே அச்சாக வைத்து வார்க்கப்பட்ட கருவி அது! சில மணி நேரத்தில் அது பழுதாகிவிட்டது. உடனே வேறொன்றை வைத்தார்கள். லார்சன் தம் ஆயுளில் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு, 2001-ல் 86-வது வயதில் காலமானார். கருவியைச் செய்தவரும் பொருத்தியவரும் அவருக்கு முன்பே மறைந்துவிட்டார்கள்.

அதே 1958-ல் நியூயார்க்கில் டாக்டர் சேமூர் ஃபர்மன், மார்பைத் திறக்காமல், இரத்தக் குழாய் வழியாகவே கம்பியை வலது கீழறைக்குச் செலுத்திக் காட்டினார். கம்பியின் நுனி அந்த அறையின் அடி மூலையில் எளிதில் போய்ப் பதியும்; நழுவாமலும் நிற்கும். ஆகவே பல பத்தாண்டுகளாக உலகம் முழுவதும் அந்த மூலையே பேஸ்மேக்கர் கம்பிக்கு வழக்கமான இடமாகிவிட்டது. லட்சக்கணக்கான உயிர்கள் அதனால் பிழைத்தன என்பதில் சந்தேகமில்லை.

சுற்றுவழியில் மின்சாரம்

எனினும் அதில் ஒரு குறை இருந்தது. அந்த மூலையிலிருந்து கிளம்பும் மின்சாரம் ராஜபாட்டையில் போவதில்லை. தசை வழியாக மெல்ல ஊர்ந்து போகிறது. வலது கீழறையும் நடுச்சுவரும் முதலில் சுருங்குகின்றன. இடது கீழறையின் வெளிச்சுவருக்கு அப்போது உத்தரவே வந்திருக்காது. அது தளர்ந்திருப்பதால் இழுபட்டு விரிகிறது. பிறகு அது சுருங்கும்போது நடுச்சுவர் தளரத் தொடங்கியிருக்கும். ஆகவே வெளியே போக வேண்டிய பலத்தில் ஒரு பகுதி உள்ளுக்குள்ளேயே வீணாகிறது. ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளில் ஒன்று முன்னும் மற்றொன்று பின்னும் இழுத்தால் வண்டி எப்படிப் போகும்?

இது அடியோடு தெரியாத விஷயமும் அல்ல. பேஸ்மேக்கர் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே, 1925-ல், அமெரிக்க விஞ்ஞானி கார்ல் விக்கர்ஸ் நாய்களின் இருதயத்தைச் செயற்கையாகத் தூண்டி, சுருங்கும் சக்தி குறைவதைக் கண்டு எழுதியிருந்தார். ஆனால் உயிரைக் காப்பாற்றுவதே பெரும்பாடாக இருந்த நாட்களில் அதைக் கவனிக்க எவருக்கு நேரம்?

மூடிய கதவில் மோதும் இரத்தம்

ஆரம்பக் கருவிகள் மேலறையைப் பார்க்காமல் கீழறையை மட்டும் தட்டின. சில சமயம் கீழறை சுருங்கி, இடையிலுள்ள வால்வு மூடியிருக்கும் நேரத்தில் மேலறையும் சுருங்கும். இரத்தம் மூடிய கதவில் மோதித் திரும்பும். கழுத்து நரம்பு விம்மித் துடிக்கும். களைப்பு, தலைசுற்றல், மூச்சுத் திணறல் தோன்றும். இதற்குப் ‘பேஸ்மேக்கர் கோளாறு’ என்றே பெயர் வைத்தார்கள்.

இதற்குப் பரிகாரமாக வந்தது இரண்டு கம்பிக் கருவி. ஒரு கம்பி மேலறையில், மற்றொன்று கீழறையில். மேலறை துடித்ததும் சற்றுப் பொறுத்துக் கீழறையைத் தட்டும். இயற்கையின் தாமதத்தை அது அப்படியே பின்பற்றுகிறது. இனிமேல் குறையே இல்லை என்று பலரும் நம்பினார்கள்.

எதிர்பாராத முடிவு

அந்த நம்பிக்கைக்கு 2002-ல் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. ‘டேவிட்’ என்று பெயரிட்ட சோதனை ஒன்றில், இருதயம் பலவீனமான 506 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவினருக்கு இரண்டு அறைகளையும் நிமிஷத்துக்கு 70 வீதம் தட்டும்படி கருவியை அமைத்தார்கள். மற்றப் பிரிவினருக்கு, துடிப்பு 40-க்குக் கீழே போனால் மட்டும் கீழறையைத் தட்டும்படி வைத்தார்கள். ஓராண்டு முடிவில், மரணமோ இருதயப் பலவீனத்துக்காக ஆஸ்பத்திரி வாசமோ இல்லாமல் இருந்தவர்கள், சும்மா இருந்த கருவிக்காரர்களில் நூற்றுக்கு 84 பேர். ஓயாமல் வேலை செய்த கருவிக்காரர்களில் 73 பேர்தான்!

மேலறையும் கீழறையும் வரிசை தவறாமல் துடித்தும் ஏன் இப்படி? தேவையில்லாத போதும் கீழறை அந்தப் பழைய மூலையிலிருந்தே தட்டப்பட்டதுதான் காரணம் என்று நிபுணர்கள் முடிவுக்கு வந்தார்கள். கருவி எத்தனை நவீனமானாலும் மின்சாரம் தவறான இடத்தில் கிளம்பினால் பிரயோஜனம் குறைவு. மறு வருஷம் வெளியான மற்றோர் ஆராய்ச்சியும் இதையே காட்டியது. மொத்தத் துடிப்புகளில் நூற்றுக்கு 40-க்கு மேல் கீழறைக் கம்பியால் நடந்தவர்களுக்கு இருதயப் பலவீனம் அதிகமாகக் கண்டது.

மூன்று வழிகள்

இன்று இதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, வேண்டாதபோது தட்டாமல் இருப்பது. இருதயம் தானாகத் துடிக்கிறதா என்று சற்றுக் காத்திருந்து பார்க்கும்படி இன்றைய கருவிகளை அமைக்க முடிகிறது.

இரண்டாவது, இரு பக்கமும் ஒரே சமயத்தில் தட்டுவது. இருதயத்தின் பின்புறமுள்ள இரத்தக் குழாய் வழியே இன்னொரு கம்பியை இடது கீழறையின் வெளிச்சுவருக்குக் கொண்டு செல்கிறார்கள். பிந்தியிருந்த சுவர் மற்றதோடு சேர்ந்துகொள்கிறது. 813 பேரைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவு 2005-ல் வெளியாயிற்று. மருந்து மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 30 பேர் இறந்திருக்க, இந்தக் கருவியும் பெற்றவர்களில் 20 பேரே இறந்திருந்தார்கள்.

மூன்றாவது வழி, ராஜபாட்டையையே பிடிப்பது! அமெரிக்காவில் டாக்டர் பிரமோத் தேஷ்முக் குழுவினர், ஹிஸ் தண்டிலேயே கம்பியைப் பொருத்தி அதன் பலனை 2000-ல் வெளியிட்டார்கள். 2017-ல் சீனாவின் வென்ஜோ நகரத்து டாக்டர் ஹுவாங் வெய்ஜியானும் அவர் குழுவினரும், நடுச்சுவரைத் துளைத்துச் சென்று இடது கிளையைத் தொடும் முறையை வெளியிட்டார்கள். மின்சாரம் இயற்கைப் பாதையில் ஓடுவதால் சுவர்கள் ஒன்றாகச் சுருங்குகின்றன. ஹிஸ் தண்டைவிட இந்த இடத்தில் கம்பியை உறுதியாக நிறுத்துவதும் எளிதாக இருக்கிறது. இதன் நெடுநாள் பலனை அளக்கும் சோதனைகள் தொடர்கின்றன.

பயம் வேண்டாம், கவனம் வேண்டும்

ஏற்கனவே பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டவர்கள் இதைப் படித்துக் கலங்க வேண்டியதில்லை. வலது கீழறைக் கம்பியோடு பல ஆண்டுகள் சௌக்கியமாக வாழ்கிறவர்களே பெரும்பாலோர். ஒரு பகுதியினருக்கே இருதயம் தளர்கிறது. ஆகவே குறித்த காலத்தில் பரிசோதனைக்குப் போவதைத் தவறவிடக் கூடாது. அப்போது, “மொத்தத் துடிப்பில் எத்தனை பங்கு கருவியால் நடக்கிறது? அதைக் குறைக்க முடியுமா?” என்று டாக்டரைத் தாராளமாகக் கேட்கலாம், கருவியே அந்தக் கணக்கை வைத்திருக்கிறது. மாடிப்படி ஏறினால் முன்னைவிட மூச்சு வாங்குவது, கால் வீங்குவது, படுத்தால் மூச்சுத் திணறுவது போன்ற குறிகள் கண்டால், வயதின் கோளாறு என்று ஒதுக்காமல் உடனே காட்ட வேண்டும். இருதயத்தை எக்கோ படம் எடுத்துப் பார்த்தால் அதன் பலம் தெரிந்துவிடும். பலம் குறைந்திருந்தாலும், கருவியின் அமைப்பை மாற்றியோ புதிய கம்பி சேர்த்தோ அநேகருக்கு அதைத் திரும்பப் பெறச் செய்ய முடிகிறது.

புதிதாகப் பேஸ்மேக்கர் வைத்துக்கொள்ளப் போகிறவர்கள், ‘எந்தக் கம்பெனிக் கருவி? விலை என்ன?’ என்பதோடு நின்றுவிடாமல், ‘கம்பியை எங்கே வைக்கப்போகிறீர்கள்?’ என்றும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.