மரண விசாரணையும் மக்கள் நலமும்

ஒருவர் திடீரென இறந்துவிட்டால் அவ்விறப்பைப் பற்றி இரண்டு வினாக்கள் எழுகின்றன. இவர் எதனால் இறந்தார் என்பது முதல் வினா. குடும்பத்தாரும் காவல் துறையினரும் நீதிமன்றமும் கேட்பது இதுவே. இவர் இறந்ததுபோல் இன்னும் எவரேனும் இறக்கக்கூடுமா என்பது இரண்டாம் வினா. இதனைக் கேட்பவர் பெரும்பாலும் சவக்கிடங்கின் வாசலில் நிற்பதில்லை. சுகாதார அலுவலகத்திலோ பல்கலைக்கழகத்திலோ அமர்ந்து, பலருடைய இறப்புப் பதிவுகளை ஒருசேர வைத்துப் பார்க்கையில் அவர் கேட்கிறார். முதல் வினாவுக்குக் கவனத்தோடு விடை எழுதப்பட்டிருந்தால்தான் இரண்டாம் வினாவை ஆராயவே முடியும். இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பைப் பேராக் மாநிலத்தில் நடந்த நிகழ்ச்சிகளைக் கொண்டே விளக்க முற்படுகிறேன்.

தடயவியல் மருத்துவம் என்றதும் மாணவர்களின் நினைவுக்கு வருவது தொலைக்காட்சித் தொடர்களில் காணும் கொலை வழக்குகள். மருத்துவமனைகளின் அன்றாட நடைமுறை வேறு. நம் நாட்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, திடீரென்றோ ஐயத்துக்குரிய முறையிலோ ஒருவர் இறந்தால், காவல் அதிகாரி விசாரித்து, தேவை என்று கண்டால் உடலை அரசாங்க மருத்துவ அதிகாரியிடம் அனுப்புகிறார். அங்கு வருவோரில் மாரடைப்பால் வீழ்ந்தவர், மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கியெறியப்பட்டவர், ஆற்றில் மூழ்கியவர், காரணம் தெரியாத காய்ச்சலால் மாண்டவர் எனப் பலரும் உள்ளனர். மருத்துவர் முதலில் உடலின் புறத்தைப் பார்க்கிறார். தேவைப்படின் உள்ளுறுப்புகளையும் ஆராய்கிறார். குருதி, சிறுநீர், இரைப்பையில் எஞ்சிய உணவு, கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றிலிருந்து சிறு மாதிரிகள் எடுக்கப்பட்டு, சில நுண்ணோக்கியின் கீழும் சில வேதியியல் ஆய்வுக்கும் செல்கின்றன. இத்தனையும் ஓர் அறிக்கையாகிக் கோப்பில் அமர்கின்றன.

1988ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், சீனர்களின் ஒன்பது பேரரசர் விழாக் காலத்தில், பேராக்கில் குழந்தைகள் அடுத்தடுத்து நோயுற்றனர். வாந்தி, காய்ச்சல், வயிற்றுவலி, தலைசுற்றல் எனத் தொடங்கி, வலிப்பும் நினைவிழப்பும் தொடர்ந்தன. மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஒன்று முதல் நான்கு நாள்களுக்குள் 13 குழந்தைகள் இறந்தனர். அவர்களின் குருதியில் சர்க்கரை மிகக் குறைந்திருந்தது. கல்லீரல் சிதைவுக்கான அறிகுறிகள் இருந்தன. மருத்துவர்களுக்கு இது ரேயின் நோய்க்குறி போலத் தோன்றியது.

இங்கு அந்நோயைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும், ஏனெனில் அதுவும் சவப்பரிசோதனை மேசையில் பிறந்த அறிவே. டக்ளஸ் ரே என்பவர் சிட்னி நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் நோய்க்குறியியல் வல்லுநராகப் பணியாற்றியவர். ஆண்டுக்கு ஓரிரு குழந்தைகள் வீங்கிய மூளையோடும் கொழுப்பேறிய கல்லீரலோடும் அவர் மேசைக்கு வந்தனர். அவற்றை அவர் தனித்தனி நிகழ்ச்சிகளாக விட்டுவிடாமல் தொகுத்துக்கொண்டே வந்தார். 1963இல் 21 குழந்தைகளைப் பற்றிய கட்டுரை வெளியாயிற்று. அவர்களில் 17 பேர் இறந்தவர்கள். நோய்க்கு ஒரு பெயர் கிடைத்த பிறகுதான் அதனைத் தேடவும் எண்ணவும் இயன்றது. காய்ச்சலுற்ற குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுப்பதற்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு பின்னர் தெரியவந்தது. 1980களில் அமெரிக்காவில் எச்சரிக்கைகள் விடுக்கப்பட்டதும் இந்நோய் மிக அரிதாயிற்று.

பேராக் குழந்தைகளின் நிலை வேறாக இருந்தது. அவர்கள் ஒரே ஊரினர் அல்லர். இரண்டு மாவட்டங்களில் ஆறு பட்டணங்களில் சிதறியிருந்தனர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அது தன் வீட்டில் மட்டும் விழுந்த இடி. சுகாதார அதிகாரிகள் வீடு வீடாகச் சென்று, நோயுற்றவர் எதை உண்டனர், நோயுறாதவர் எதை உண்டனர் என்று கேட்டனர். நோயுற்ற குழந்தைகள் அண்மையில் லோ ஷீ ஃபன் உண்டிருந்தனர். அரிசி மாவினால் செய்யப்படும் குட்டையான மீ வகை அது. அதனை உண்டவர்களிடையே நோய் கண்ட விகிதம் உண்ணாதவர்களைக் காட்டிலும் மிக அதிகம். தற்செயல் என்று ஒதுக்க முடியாத வேறுபாடு. அந்த ஆறு பட்டணங்களையும் வரைபடத்தில் குறித்தபோது, கம்பாரில் இருந்த ஒரே தொழிற்சாலையின் மீ விநியோகமான பாதையில் அவை யாவும் அமைந்திருந்தன.

வீடு வீடாகக் கேட்டறிந்த செய்தி அதுவரைதான் செல்லும். மீயில் இருந்தது என்ன என்பதற்கு இறந்த குழந்தைகளின் உடல்களே சான்றாயின. சவப்பரிசோதனையில் எடுக்கப்பட்ட மாதிரிகளில் அஃப்லாடாக்சின் என்னும் நஞ்சு உறுதிப்பட்டது. ஈரத்திலும் வெப்பத்திலும் தேங்கும் தானியத்தில் வளரும் ஒருவகைப் பூஞ்சணம் உண்டாக்குவது அது. போரிக் அமிலத்தின் நச்சும் இந்நிகழ்ச்சியில் சேர்ந்திருந்ததை 1991இல் வெளியான நோய்க்குறியியல் ஆய்வு பதிவு செய்தது. கேட்டறிந்த செய்தி மட்டும் இருந்திருந்தால் மீயின்மேல் ஐயம் எழுந்திருக்கும், நஞ்சின் பெயர் தெரிந்திராது. சவப்பரிசோதனை மட்டும் இருந்திருந்தால் நஞ்சின் பெயர் தெரிந்திருக்கும், அது எவ்வழியாக வந்தது என்பது புலப்பட்டிராது.

அஃப்லாடாக்சின் நமக்கு அயலான பொருளன்று. 1960இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் இறந்தபோது, அவற்றின் தீவனத்திலிருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில்தான் அது முதலில் கண்டறியப்பட்டது. 1974இல் மேற்கு இந்தியாவில் பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். வறுத்தாலும் வேகவைத்தாலும் இந்நஞ்சு முற்றிலும் அழிவதில்லை. பூஞ்சணம் பிடித்த கச்சானை வெயிலில் காயவைத்துப் புடைத்து எடுத்தால் போதும் என்னும் வழக்கம் சில வீடுகளில் உண்டு, அது போதாது.

பத்தாண்டுகள் கழித்து, இதே மாநிலத்தில் மற்றொரு சோதனை வந்தது. 1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஈப்போவைச் சுற்றிய பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் மூளைக் காய்ச்சலால் இறக்கத் தொடங்கினர். ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்றே முதலில் கருதப்பட்டது. கொசு பரப்பும் நோய் ஆதலால் புகை அடிக்கப்பட்டது, தடுப்பூசி போடப்பட்டது. ஆயினும் நோய் நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. சிந்தித்துப் பார்த்தவர்களுக்குச் சில செய்திகள் உறுத்தின. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் பெரிதும் குழந்தைகளைத் தாக்குவது. இங்கு இறந்தவர்கள் உழைக்கும் வயதினர். கொசு எல்லாரையும் கடிக்கும். இங்கோ பன்றிகளோடு நெருங்கிப் பழகியவர்களே வீழ்ந்தனர். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் தப்பவில்லை.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பாவைச் சேர்ந்த ஒரு நோயாளியிடமிருந்து புதியதொரு நச்சுயிரியை, அதாவது வைரஸை, பிரித்தெடுத்தார். அவ்வூரின் பெயரே அதற்கு நிப்பா என்று நின்றுவிட்டது. இறந்தோரின் உடல்களை அதே பல்கலைக்கழக நோய்க்குறியியலாளர்கள் ஆராய்ந்தபோது, மூளையின் சிறு குருதிக் குழாய்கள் அழற்சியுற்று அடைபட்டிருப்பதையும், அவற்றின் உட்சுவர் உயிரணுக்கள் ஒன்றோடொன்று கலந்து பேரணுக்களாகியிருப்பதையும் கண்டனர். 32 பேரின் சவப்பரிசோதனைகளைக் கொண்ட ஆய்வு 2002இல் வெளியாயிற்று. நிப்பா உடலுக்குள் என்ன செய்கிறது என்பதை உலகம் அறிந்தது பெரிதும் அவர்களிடமிருந்தே. மலேசியாவில் நோயுற்றோர் 265 பேர், இறந்தோர் 105 பேர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. கொசுவின்மேல் கவனம் செலுத்திய அம்மாதங்கள் எவ்வளவு விலைமதிப்பானவை என்பதை இவ்வெண்ணிக்கைகளே காட்டும். தொடக்கத்தில் இறந்தோரின் திசுக்கள் இன்னும் விரைவாகவும் ஐயத்தோடும் ஆராயப்பட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து. கேரளத்தில் 2018இல் இதே நோய் தோன்றியபோது அதன் பெயரும் இயல்பும் மருத்துவ உலகுக்குத் தெரிந்திருந்தன. அதனால் விரைவில் அடையாளம் காணப்பட்டது.

இத்தகைய பேரிடர்களே செய்தித்தாளில் இடம்பெறுகின்றன. ஆரவாரமின்றித் திரளும் அறிவும் உண்டு. நம் நாட்டுச் சாலைகளில் இறப்போரில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். தலையிலா, மார்பிலா, கழுத்திலா எவ்விடத்துக் காயம் உயிரைப் பறித்தது என்பதைச் சவப்பரிசோதனை அறிக்கைகளே சொல்கின்றன. தலைக்கவசத்தின் அமைப்பையும் அதன் கச்சையையும் பற்றிய ஆய்வுகள் அவற்றையே நாடுகின்றன.

ஆராய்ச்சியில் ஈடுபட விரும்பும் மாணவர்கள் ஓர் எச்சரிக்கையையும் மனத்திற்கொள்ள வேண்டும். சவக்கிடங்குக்கு வருவோர் ஊரிலுள்ள எல்லாரையும் போன்றவர் அல்லர். நெடுநாள் நோயுற்று மருத்துவரின் பார்வையில் இறந்தவர் அங்கு வருவதில்லை. ஆதலால், சவப்பரிசோதனை செய்யப்பட்டோரில் இத்தனை விழுக்காட்டினருக்கு இதயநோய் என்பதிலிருந்து, நாட்டில் இத்தனை விழுக்காட்டினருக்கு இதயநோய் என்று முடிவுகட்டுவது பிழை.

சவப்பரிசோதனையே நடைபெறாத இறப்புகள் ஏராளம். பாகான் செராய் வட்டாரத்தை எண்ணிப் பாருங்கள். நெல்வயலும் செம்பனையும் பழைய ரப்பர்த் தோட்டங்களும் சூழ்ந்த கிரியான் மாவட்டத்தில் முதியவர் ஒருவர் வீட்டிலேயே உயிர்விடுகிறார். முன்பு இத்தகைய நிலையில் குடும்பத்தார் காவல் நிலையம் சென்று தெரிவித்தனர். அடக்க அனுமதி பெற்றனர். மருத்துவர் பார்க்காத இறப்பாயின், காரணம் என்ற கட்டத்தில் குடும்பத்தார் சொன்னதே ஏறியது. முதுமை, காய்ச்சல், மூச்சுத்திணறல் போன்ற சொற்களே அங்கு மிகுதியாக இருந்தன. புள்ளியியல் துறை இவற்றை மருத்துவரால் சான்றளிக்கப்படாத இறப்புகள் எனத் தனியே பிரித்து வைப்பதன் காரணம் இதுவே. முதுமை என்பது வயதைக் குறிக்கும் சொல், நோயைக் குறிக்காது. மாரடைப்பு என்ற சொல்லையும் நாம் திடீர் இறப்பு அனைத்துக்கும் போர்வையாக்கிவிட்டோம். எலிக் காய்ச்சலால் இறந்த வயல் தொழிலாளியின் பெயருக்கு எதிரே வெறுமனே காய்ச்சல் என்று நின்றால், அதே வரப்பில் நாளை இறங்கவிருப்பவருக்கு எச்சரிக்கை சென்று சேராது.

இக்குறையைத் தமிழகத்தில் ஓரளவு நிறைவு செய்த முயற்சி ஒன்று உண்டு. வேந்தன் கஜலட்சுமியும் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பீட்டோவும் 1990களின் பிற்பகுதியில் சென்னையிலும் விழுப்புரம் வட்டாரக் கிராமங்களிலும் இறந்த 80,000 பேரின் வீடுகளைத் தேடி ஆள் அனுப்பினர். சென்றவர்கள் பயிற்சி பெற்ற பட்டதாரிகள், மருத்துவர்கள் அல்லர். எத்தனை நாள் இருமல், நெஞ்சுவலி எப்போது தொடங்கியது, உடல் மெலிந்ததா, பீடி பிடித்தாரா என வினவி, குடும்பத்தார் சொன்னதை எழுதி வந்தனர். மருத்துவர்கள் அக்குறிப்புகளைப் படித்துக் காரணத்தை வகுத்தனர். வாய்மொழி மரண விசாரணை எனப்படும் இம்முறையால், காரணம் தெரியாதவை என ஒதுக்கப்பட்டிருந்த இறப்புகள் கணிசமாகக் குறைந்தன. இவ்வழியே திரட்டிய தரவுகளைக் கொண்டு 2003இல் வெளியிட்ட ஆய்வில், புகைபிடிக்கும் ஆண்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு எனக் கண்டனர். இந்தியாவின் புகையிலைக் கட்டுப்பாட்டு விவாதத்தில் அம்முடிவு வலுவான சான்றாயிற்று. ஈமக்கடன் முடித்த குடும்பங்கள் தமிழில் சொன்ன சொற்களே அதற்கு மூலப்பொருள்.

உடலை அறுக்க வேண்டும் என்றால் நம் குடும்பங்கள் கலங்குவது இயல்பு. அன்றே எடுத்துவிட வேண்டும், முழுமையாக எடுக்க வேண்டும் என்னும் உணர்வு ஆழமானது. அதனை அறியாமை என்று இகழ்வது முறையன்று. சட்டத்தின்படி ஆணையிடப்பட்ட சவப்பரிசோதனைக்குக் குடும்பத்தின் ஒப்புதல் தேவையில்லை. மருத்துவ அறிவுக்காகச் செய்வதற்குத் தேவை. இவ்வேறுபாட்டை எவரும் அமைதியாக எடுத்துச் சொல்வதில்லை என்பதே கலக்கத்தைப் பெருக்குகிறது. எல்லா உடலும் முழுதாகத் திறக்கப்படுவதில்லை. சில வேளைகளில் வெளித்தோற்ற ஆய்வோடு முடியும். உடலை வெட்டாமல் கதிர்ப்படக் கருவியால் உள்ளுறுப்புகளைப் பார்க்கும் முறையும் கோலாலம்பூர் மருத்துவமனை போன்ற பெரிய மையங்களில் வந்துள்ளது. ஆயினும் நஞ்சையும் நுண்கிருமியையும் படத்தில் காண இயலாது. அவற்றுக்குத் திசு வேண்டும்.

அறிக்கைகள் மலாயிலோ ஆங்கிலத்திலோ அமைகின்றன. தாத்தாவோ பாட்டியோ எதனால் இறந்தார் என்பதை வீட்டிலுள்ள மூத்தோர்க்குத் தமிழில் விளக்குபவர் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளையே. அப்பிள்ளைக்குக் கல்லீரல் அழற்சி, குருதிக்குழாய் அடைப்பு, மூளைக் குருதிக்கசிவு ஆகிய சொற்கள் முன்னரே தெரிந்திருத்தல் நலம். அறிவியல் பாடத்தில் இவற்றுக்கு இடமளிப்பது ஆசிரியர்களுக்குக் கடினமன்று. எதிர்த்திசையிலும் சொல் செல்ல வேண்டும். அப்பா நான்கு நாள் நீர் நின்ற வயலில் வேலை செய்தார், பிறகு காய்ச்சல், கெண்டைக்கால் தசையில் தாங்க முடியாத வலி, கண்கள் மஞ்சளாயின என்று மகள் காவல் அதிகாரியிடமும் மருத்துவரிடமும் தெளிவாகச் சொன்னால், அந்த மருத்துவர் சிறுநீரகத்திலிருந்தும் குருதியிலிருந்தும் மாதிரி எடுத்து, எலிக் காய்ச்சல் ஆய்வுக்கு என்று குறித்து அனுப்புவார்.