மலைப்பாதையில் ஒரு லீற்றர் டீசல்

வாகனம் ஒன்றை வாங்க எண்ணுபவர் முதலில் கேட்பது, லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்பதையே. விற்பனையாளர் ஓர் எண்ணைச் சொல்கிறார். விளம்பரப் பிரசுரத்திலும் அதே எண் அச்சிடப்பட்டிருக்கின்றது. சமதரைப் பிரதேசத்தில் அந்த எண்ணை ஓரளவேனும் அண்மித்துச் செல்லும் டீசல் கெப் வாகனம், ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ வந்து சேர்ந்ததும் அதனை எட்ட முடியாமல் திணறுகின்றது. வாகனம் பழுது, சாரதி சரியில்லை, டீசல் தரமற்றது என்று ஆளுக்கொரு காரணம் கூறப்படுகின்றது. சில வேளைகளில் இவை உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும், பிரதான காரணம் இவற்றுள் எதுவுமன்று. அந்த எண் மலைநாட்டுக்கென அளக்கப்பட்ட எண்ணே அல்ல.

மலையகத்தைப் பொறுத்தவரையில் கெப் வாகனம் ஓர் ஆடம்பரப் பொருள் அன்று. தோட்ட அலுவலகத்தின் அன்றாடப் பணிகள் அதிலேயே நடைபெறுகின்றன. உர மூடைகளும் கிருமிநாசினிகளும் அதிலேயே மேல் மலைக்குச் செல்கின்றன. நுவரெலியாவின் உருளைக்கிழங்கும் கரட்டும் லீக்சும் தோட்டத்திலிருந்து பிரதான வீதிவரை பெரும்பாலும் அதிலேயே வருகின்றன. நள்ளிரவில் லயத்தில் ஒருவர் நோயுற்றால், டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ நுவரெலியா வைத்தியசாலைக்கோ அவரைக் கொண்டு செல்வதற்குக் கிடைப்பதும் பல இடங்களில் ஒரு கெப் அல்லது கொழுந்து லொறிதான். எனவே, அந்த வாகனம் குடிக்கும் டீசலின் கணக்கு, உரிமையாளரின் கணக்கோடு முடிந்துவிடுவதில்லை. அது வாடகையாகவும், மரக்கறி விலையாகவும், தோட்டத்தின் உற்பத்திச் செலவாகவும் மக்கள்மீதே வந்து விழுகின்றது.

முதலில், பிரசுரத்தில் உள்ள எண் எவ்வாறு பிறக்கின்றது என்பதை நோக்குவோம். உற்பத்தியாளர்கள் அறிவிக்கும் எரிபொருள் அளவு வீதியில் அளக்கப்படுவதில்லை. ஆய்வுகூடத்தில், உருளைகளின்மீது சில்லுகள் சுழல, வாகனம் நின்ற இடத்திலேயே ஓடுகின்றது. ஐரோப்பாவில் 2017ஆம் ஆண்டு வரை நடைமுறையிலிருந்த சோதனையின் மொத்தத் தூரம் ஏறத்தாழ 11 கிலோமீற்றர். எடுத்துக்கொண்ட நேரம் 20 நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீற்றருக்கும் குறைவு. அதன் பின்னர் வந்த புதிய சோதனை 23 கிலோமீற்றருக்கும் சற்றுக் கூடிய தூரத்தையும் 30 நிமிட நேரத்தையும் கொண்டது. பழையதிலும் பார்க்க இது உண்மை நிலைமைக்கு அண்மித்தது என்பதில் ஐயமில்லை. ஆனால், இரண்டு சோதனைகளிலும் இல்லாத ஒன்று உண்டு. அதுதான் ஏற்றம். சோதனைக் கூடத்தில் ரம்பொடையும் இல்லை, கினிகத்தேனையும் இல்லை.

சமதரையிலேயே அந்த எண்கள் நம்பத்தக்கவையாக இருந்தனவா என்றால், அதுவும் இல்லை. தூய போக்குவரத்துக்கான சர்வதேச சபை ஐரோப்பியக் கார்களை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கைகளின்படி, அறிவிக்கப்பட்ட எரிபொருள் அளவுக்கும் வீதியில் உண்மையாகச் செலவான அளவுக்கும் இடையிலான வேறுபாடு 2001ஆம் ஆண்டில் 10 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தது. 2015ஆம் ஆண்டளவில் அது 40 சதவீதத்தையும் தாண்டியது. நெடுஞ்சாலைகள் நிறைந்த ஐரோப்பாவின் நிலைமையே இதுவெனின், வளைவும் ஏற்றமும் நிறைந்த எமது பாதைகளைப் பற்றிக் கூற வேண்டியதில்லை.

ஏற்றம் எவ்வளவு டீசலைக் கேட்கின்றது என்பதைப் பாடசாலைப் பௌதிகத்தைக் கொண்டே கணித்துவிடலாம். ஒரு தொன் எடையை 1000 மீற்றர் உயர்த்துவதற்கு ஏறத்தாழ 9.8 மெகாஜூல் சக்தி வேண்டும். ஒரு லீற்றர் டீசலில் ஏறத்தாழ 36 மெகாஜூல் சக்தி அடங்கியுள்ளது. எனினும், அதில் பெரும்பகுதி வெப்பமாக வெளியேறிவிடுகின்றது. சில்லுகளை வந்தடைவது 30 சதவீதம் எனக் கொள்வோம். அப்படியாயின், ஒரு தொன்னை 1000 மீற்றர் உயர்த்த ஏறத்தாழ 0.9 லீற்றர் டீசல் செலவாகும். இது வண்டி முன்னோக்கிச் செல்வதற்கான செலவு அன்று. மேலே ஏறுவதற்கு மட்டுமேயான மேலதிகச் செலவு.

இதனைக் கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் பாதைக்குப் பொருத்திப் பார்ப்போம். கம்பளை கடல் மட்டத்திலிருந்து 500 மீற்றருக்குச் சற்றுக் குறைவான உயரத்திலும் நுவரெலியா 1868 மீற்றர் உயரத்திலும் உள்ளன. இடையில் ஏற வேண்டியது ஏறத்தாழ 1400 மீற்றர். வண்டியின் எடை இரண்டு தொன், ஏற்றிய பாரம் ஒரு தொன் எனின், உயரம் ஏறுவதற்கு மட்டும் 4 லீற்றருக்குச் சற்றுக் குறைவான டீசல் எரிகின்றது. எந்த நிறுவனத்தின் வண்டியாயினும், எத்துணைத் தேர்ந்த சாரதியாயினும் இச்செலவிலிருந்து தப்ப இயலாது. பிரித்தானியர் காலத்தில் 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டிய புகையிரதப் பாதையை அமைத்த பொறியியலாளர்கள் இதனை நன்கு அறிந்திருந்தனர். அதனாற்றான், 44 அடி சென்றால் ஓர் அடி ஏறும் அளவை மிஞ்சாத வகையில் மலையைச் சுற்றிச் சுற்றிப் பாதையை அமைத்தனர். எமது தோட்டப் பாதைகளுக்கு அத்தகைய வரையறை எதுவும் இல்லை.

ஏறும்போது செலவான டீசல் இறங்கும்போது மீளக் கிடைத்துவிடும் எனச் சிலர் கருதுகின்றனர். ஒரு பகுதி கிடைக்கின்றது, முழுவதும் கிடைப்பதில்லை. இறக்கத்தில் வண்டி தானாக உருள்வதால் டீசல் குறைவாகச் செலவாவது உண்மையே. ஆனால், வளைவுக்கு வளைவு பிரேக் பிடிக்க வேண்டியிருப்பதால், ஏறிச் சேர்த்த சக்தியின் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகிக் காற்றோடு போய்விடுகின்றது.

இங்கு கணக்கில் நேரும் ஒரு தவறையும் சுட்டிக்காட்ட வேண்டும். ஒரு வண்டி 50 கிலோமீற்றர் ஏற்றத்தில் லீற்றருக்கு 6 கிலோமீற்றரும், அதே 50 கிலோமீற்றர் இறக்கத்தில் லீற்றருக்கு 18 கிலோமீற்றரும் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். சராசரி 12 என்று பலரும் உடனே கூறிவிடுவர். உண்மையில், ஏறுவதற்கு 8.3 லீற்றரும் இறங்குவதற்கு 2.8 லீற்றரும் செலவாகியுள்ளன. 100 கிலோமீற்றருக்கு மொத்தம் 11.1 லீற்றர். ஆகவே, சரியான சராசரி லீற்றருக்கு 9 கிலோமீற்றர் மட்டுமே. பன்னிரண்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில் காணாமற்போகும் அந்த மூன்று கிலோமீற்றருக்காகப் பதில் சொல்ல வேண்டியவராக நிற்பவர் பெரும்பாலும் சாரதியே ஆவார்.

ஏற்றத்துக்கு அப்பாலும் காரணங்கள் உள்ளன. பிரதான வீதியிலிருந்து தோட்டப் பாதைக்குள் திரும்பியதும் வண்டி முதலாம், இரண்டாம் கியர்களைத் தாண்டுவதில்லை. குழிகளும் கற்களும் வேகத்தைக் கொன்றுவிடுகின்றன. ஒவ்வொரு குழியிலும் வேகம் குறைத்து மீண்டும் வேகம் பிடிப்பதற்கு டீசல் எரிகின்றது. கொழுந்து மடுவத்தில் நிறுவை முடியும்வரை இயந்திரத்தை நிறுத்தாமல் வைத்திருந்தால், மணித்தியாலத்துக்கு அரை லீற்றர் முதல் ஒரு லீற்றர் வரை, ஓர் அடிகூட நகராமலேயே தீர்ந்துவிடும். நுவரெலியாவின் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 80 சதவீதம் மட்டுமே. டேர்போ பொருத்திய இயந்திரங்கள் இதனைப் பெரும்பாலும் ஈடுசெய்துகொள்கின்றன. டேர்போ இல்லாத பழைய இயந்திரங்களோ போதிய காற்றின்றி டீசலை முழுமையாக எரிக்க இயலாமல் கரும்புகையைக் கக்குகின்றன. அக்கரும்புகை, பணம் கொடுத்து வாங்கிய டீசலன்றி வேறில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த ஐந்தாண்டு இடைவெளியில் பழைய வண்டிகளே தொடர்ந்து உழைக்க நேர்ந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது.

தேயிலைத் தொழிலுக்கே உரிய ஒரு சுமையும் உண்டு. ஒரு கிலோ தேயிலைத் தூளைப் பெறுவதற்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். மிகுதி அனைத்தும் தொழிற்சாலையில் ஆவியாகிப் போகும் நீரே. மழைக்காலத்தில் இலையின்மேல் ஒட்டிய நீரும் இதனோடு சேர்ந்துகொள்ளும். ஆக, கொழுந்து ஏற்றிச் செல்லும் வண்டி தன் பயணத்தில் சுமப்பது பெரும்பாலும் தண்ணீரையே ஆகும். பறித்த கொழுந்து வாடிப் பழுதாகுமுன் தொழிற்சாலையை அடைந்தாக வேண்டும் என்பதால், வண்டி நிறையும்வரை காத்திருக்கவும் முடியாது. அரைப் பாரத்துடன் இரண்டு நடை செல்வது மலைநாட்டில் தவிர்க்க முடியாத ஒன்றாகவே உள்ளது.

இவற்றையெல்லாம் கருத்திற்கொள்ளாததன் விளைவை 2022ஆம் ஆண்டின் நெருக்கடி தெளிவாகக் காட்டியது. அவ்வாண்டின் தொடக்கத்தில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் ஒட்டோ டீசல், ஜூன் மாத இறுதியில் 460 ரூபாவாக உயர்ந்தது. 2021 மார்ச்சில் நிர்ணயிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் அப்போது 1000 ரூபா. இரண்டு லீற்றர் டீசல் ஒரு நாள் உழைப்பையே விழுங்கியது. அவசரத்துக்கு வாகனம் அமர்த்திய குடும்பங்கள் பட்ட பாட்டை விவரிக்கத் தேவையில்லை.

அதே ஆண்டில் கியூஆர் முறையிலான தேசிய எரிபொருள் அனுமதி அறிமுகமானது. 2023 செப்டெம்பரில் இடைநிறுத்தப்படும் வரை, வாராந்தப் பங்கு வாகனத்தின் வகையைக் கொண்டே தீர்மானிக்கப்பட்டது. வரிசைகளைக் குறைத்ததில் அம்முறை பயனளித்தது என்பதை மறுக்க முடியாது. ஆயினும், தொடக்கத்தில் வேன் ஒன்றுக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என வகுத்தபோது, அது ஓடுவது சமதரையிலா மலையிலா என்ற கேள்வி எழவில்லை. லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் இடத்தில் 20 லீற்றர் 240 கிலோமீற்றரைத் தரும். 8 கிலோமீற்றர் மட்டுமே ஓடும் இடத்தில் அது 160 கிலோமீற்றராகச் சுருங்கிவிடும். லீற்றரில் சமமாகப் பங்கிட்டது, தூரத்தில் சமமாகப் பங்கிட்டதாகவில்லை. வைத்தியசாலையும் நகரமும் தொலைவில் உள்ள மக்களுக்கே குறைந்த தூரம் கிடைத்தது.

இதே குறைபாடு சிறிய அளவில் அலுவலகங்களிலும் நிகழ்கின்றது. சமதரைக்குரிய ஓர் எண்ணை வைத்துக்கொண்டு எரிபொருட் கணக்குப் பார்க்கும்போது, மலையில் ஓட்டும் சாரதி டீசலைத் திருடியவராகத் தோன்றுகின்றார். உண்மையில் திருடுபவரும் அக்குழப்பத்துக்குள் மறைந்துகொள்கின்றார். சரியான அளவுகோல் இருப்பின், நேர்மையானவர் பழியிலிருந்து தப்புவார், மற்றவர் அகப்படுவார்.

அந்த அளவுகோலை உருவாக்குவது கடினமன்று. தாங்கியை நிரப்பிவிட்டுப் பயணத்தைத் தொடங்கி, மீண்டும் அதே இடத்துக்குத் திரும்பி வந்து, அதே நிரப்பு நிலையத்தில் மறுபடியும் நிரப்பிப் பார்க்க வேண்டும். நிரப்பிய லீற்றரையும் ஓடிய தூரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். போய்த் திரும்பும் பயணமாகவே அது அமைய வேண்டும்; ஒருவழிப் பயணத்தின் கணக்கு ஏமாற்றிவிடும். ஏற்றிய பாரத்தையும், சென்ற பாதையையும், மழையா வெயிலா என்பதையும் பக்கத்தில் எழுதி வைத்தால், சில மாதங்களில் அந்த வண்டிக்கும் அந்தப் பாதைக்கும் உரிய உண்மையான எண் கைக்கு வந்துவிடும். பின்னர் ஒரு நாள் அந்த எண் திடீரெனக் குறைந்தால், இன்ஜெக்டர் பழுதா, காற்று வடிகட்டி அடைபட்டதா, டயரில் காற்றுக் குறைந்ததா, டீசல் களவு போனதா எனத் தேடுவதற்கு அதுவே சாட்சியாகும்.

சிக்கனத்தின் பெயரால் செய்யப்படும் ஓர் ஆபத்தான செயலையும் இங்கு குறிப்பிட்டே ஆக வேண்டும். இறக்கத்தில் கியரை நியூட்ரலுக்கு மாற்றி வண்டியை உருளவிடுவது டீசலை மிச்சப்படுத்தும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. கியரில் வைத்து அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், நவீன டீசல் இயந்திரங்களில் எரிபொருள் உட்செல்வது அறவே நின்றுவிடும். வண்டியின் உருளலே இயந்திரத்தைச் சுழற்றும். நியூட்ரலிலோ இயந்திரம் தன்னைத்தானே ஓட்டிக்கொள்ள டீசலைக் குடித்தவண்ணமே இருக்கும். அத்தோடு, வேகத்தைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு முழுவதும் பிரேக்கின்மீது விழுகின்றது. நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறி வலுவிழந்தால், கீழே காத்திருப்பது பள்ளத்தாக்கு. மிச்சமாகும் டீசல் எதுவுமில்லை, இழக்கக்கூடியது உயிர்.

தோட்டக் கம்பனிகளும் அரச திணைக்களங்களும் மலைப்பாதைகளுக்கெனத் தனியான எரிபொருள் அளவுகளை வகுத்துக்கொள்ள வேண்டும். எதிர்காலத்தில் எரிபொருட் பங்கீடு தேவைப்படும் போதெல்லாம், லீற்றரை மட்டுமன்றி, அந்த லீற்றர் மக்களை எவ்வளவு தூரம் கொண்டு செல்லும் என்பதையும் கணக்கிலெடுக்க வேண்டும். தோட்டப் பாதைகளைச் செப்பனிடுவதை வெறும் சலுகையாகக் கருதுவதும் கைவிடப்பட வேண்டும். ஏற்றத்தைக் குறைப்பது எவராலும் இயலாது. குழிகளை நிரப்புவது இயலும். அதனால் மீதமாகும் டீசல் அந்நியச் செலாவணியாக நாட்டுக்கும், வாடகைக் குறைவாக மலையக மக்களுக்கும் பயன் தரும் என்பதைப் பொறுப்பு வாய்ந்தவர்கள் உணர்ந்து செயற்படுவது அவசியமாகும்.