புது பிரேக் பேட் போட்டும் கார் நடுங்குதா? டிஸ்க் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

ஆனைக்குட்டம் பக்கத்துல இருந்து சிவகாசிக்கோ விருதுநகருக்கோ செகண்ட் ஹேண்ட் கார்ல வேலைக்குப் போறீங்களா? இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

புது பேட் போட்ட கொஞ்ச நாள்ல ஸ்டியரிங் நடுங்குது, ஒரு வீல் கொதிக்குது. ஒர்க்‌ஷாப்ல கேட்டா, "டிஸ்க், கேலிப்பர் எல்லாத்தையும் மாத்திடலாம்"னு சொல்றாங்க. சாதாரண கார் இன்சூரன்ஸ்ல தேய்மானமும் மெக்கானிக்கல் கோளாறும் கவர் ஆகாது. மொத்தச் செலவும் உங்க சம்பளத்துல இருந்துதான் போகும். அதனால முதல்ல நடுக்கத்தையும் சூட்டையும் தனித்தனியா பாருங்க. ரெண்டுக்கும் காரணம் வேற வேற.

நடுக்கம் எப்போ வருது?

பிரேக் மிதிக்காமலே 80 கி.மீ. வேகத்துல நடுங்கினா, முதல்ல வீல் பேலன்சிங் பாருங்க. செலவு கம்மி.

மிதிக்கும்போது மட்டும் ஸ்டியரிங் ஆடினா, முன் டிஸ்க்மேல சந்தேகம் வரும். டிஸ்க்கோட தடிமன் இடத்துக்கு இடம் மாறியிருக்கலாம். இல்லேன்னா வீல் நட்டை ஒரே சீரா முறுக்காததால டிஸ்க் லேசா கோணியிருக்கலாம். நட்டைக் கழற்றி, குறுக்கு வரிசையில சரியான டார்க்ல முறுக்கச் சொல்லுங்க. அதுக்கப்புறமும் ஆடினா, டயல் கேஜ் வெச்சு அளக்கச் சொல்லுங்க. குறைந்தபட்ச தடிமன் டிஸ்க்லயே பொறிச்சிருக்கும். அதுக்குக் கீழ போயிருந்தா மாத்தித்தான் ஆகணும்.

திடீர்னு அழுத்தி மிதிக்கும்போது மட்டும் பெடல் படபடன்னு அடிச்சா, அது ஏபிஎஸ் வேலை செய்யுறது. கோளாறு கிடையாது.

எந்த வீல் சூடாகுது?

காலி ரோட்டுல பிரேக்கை அதிகம் தொடாம 10 கி.மீ. ஓட்டி நிறுத்துங்க. வீலைத் தொடாம கையைப் பக்கத்துல கொண்டுபோய்ப் பாருங்க. முன் வீல் ரெண்டுல ஒண்ணு மட்டும் அனல் அடிச்சா, அந்தப் பக்கம் பிரேக் விடாம பிடிக்குது. பெரும்பாலும் கேலிப்பரோட ஸ்லைடு பின் தூசி, துருவுல இறுகியிருக்கும். கழற்றிச் சுத்தம் பண்ணி, பிரேக்குக்கான கிரீஸ் போட்டாலே பல வண்டி சரியாகிடும். சாதாரண கிரீஸ் போட்டா ரப்பர் ஊதிடும், விடாதீங்க.

பின் வீல் சூடானா, ஹேண்ட் பிரேக் ரொம்ப டைட்டா இருக்கான்னு பாருங்க.

சரியாகலேன்னா, வீலைத் தூக்கி வெச்சு, பிரேக் ஆயில் நிப்பிளைக் கொஞ்சம் திறக்கச் சொல்லுங்க. உடனே வீல் சுத்தினா, ஆயில் அழுத்தம் உள்ளேயே நிக்குது. ஹோஸ் அல்லது மாஸ்டர் சிலிண்டரைப் பாக்கணும். அப்பவும் சுத்தலேன்னா கேலிப்பர்லதான் பிரச்சினை.

இதைத் தள்ளிப் போடாதீங்க

டாட் 4 பிரேக் ஆயில் புதுசுல குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரம் ஏறினா அந்த அளவு 155 டிகிரி வரைக்கும் இறங்கலாம். இந்த நிலைமையில கொடைக்கானல் போய் மலை இறங்கினா ஆயில் கொதிச்சு, பெடல் அப்படியே தரை வரைக்கும் போயிடும். வீல்ல புகை வந்தா வண்டியை ஓரங்கட்டுங்க. நம்ம ஊர்ல பட்டாசு குடோன், காஞ்ச புல் பக்கத்துல மட்டும் நிறுத்தாதீங்க. வீல்மேல தண்ணியும் ஊத்தாதீங்க. சூடான டிஸ்க் கோணிடும்.

ஒர்க்‌ஷாப்ல கேட்க வேண்டியது மூணு: டிஸ்க் அளவு எவ்வளவு, பின் ஃப்ரீயா நகருதா, கழற்றின பழைய பார்ட் எங்கே? இந்த மூணுக்கும் பதில் வந்த பிறகு பில்லுக்கு ஓகே சொல்லுங்க.