பித்தப்பையை எடுத்தாச்சா? பித்த அமில மாத்திரை வாங்கும் முன் இதைப் படிங்க!

பித்தப்பை கல்லுக்கு ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியதும் பலருக்கும் வரும் சந்தேகம் இது: "பித்தப்பையே இல்லையே, இனி எண்ணெய்ப் பண்டம் எப்படி செரிக்கும்?" இணையத்தில் தேடினால் 'ஆக்ஸ் பைல்' மாத்திரைகள் வரிசைகட்டும். மாட்டின் பித்தநீரில் இருந்து தயாராகும் சப்ளிமென்ட் இது. வாங்கிப் போடலாமா?

பித்தநீர் எங்கே சுரக்கிறது?

பித்தப்பையில் இல்லை, கல்லீரலில். தினமும் அரை லிட்டருக்கும் மேல் சுரக்கிறது. பித்தப்பை அதைச் சேர்த்து வைக்கும் சின்னப் பை மட்டுமே. கொள்ளளவு 30 முதல் 50 மி.லி. தான். எண்ணெய்ப் பாத்திரத்தில் சோப்பு செய்யும் வேலையைத்தான் பித்த அமிலங்கள் குடலில் செய்கின்றன. கொழுப்பைச் சிறு துளிகளாக உடைக்கின்றன. பிறகு சுமார் 95 சதவீதம் கல்லீரலுக்கே திரும்பிவிடும்.

பை போனால் என்ன ஆகும்?

பித்தநீர் குடலுக்குள் நேரடியாக, கொஞ்சம் கொஞ்சமாக வடியும். பெரும்பாலானோருக்கு உடல் பழகிவிடும். ஒரே வேளையில் அதிக கொழுப்பு சாப்பிடாமல், சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொண்டாலே போதும்.

வயிற்றுப்போக்கு இருந்தால்?

இங்கேதான் கவனம் தேவை. ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு வரும் வயிற்றுப்போக்குக்கு, பெருங்குடலுக்குக் கூடுதலாகப் போகும் பித்த அமிலமே காரணமாக இருக்கலாம். அதைப் பிடித்து வைக்கும் கொலஸ்டைரமின் போன்ற மருந்தைத்தான் டாக்டர்கள் தருவார்கள். அந்த நேரத்தில் பித்த அமில மாத்திரை போட்டால் தொல்லை கூடத்தான் செய்யும்.

கல்லைக் கரைக்குமா?

ஆக்ஸ் பைல் கல்லைக் கரைக்கும் மருந்து அல்ல. டாக்டர் சீட்டுடன் தரப்படும் அர்சோடியாக்ஸிகோலிக் அமிலம் வேறு. அதுவும் சிறிய கொலஸ்ட்ரால் கற்களுக்கு மட்டுமே. மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். கால்சியம் படிந்த கற்கள் கரையாது. மருந்தை நிறுத்தினால் கல் திரும்பவும் வரலாம்.

எப்போது டாக்டரிடம் போகணும்?

மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையோடு மிதந்தால் கொழுப்பு செரிக்கவில்லை என்று அர்த்தம். கணையம், கல்லீரல், குடல் என எதில் கோளாறு என்று பரிசோதித்த பிறகே மருந்து. வலது மேல்வயிற்றில் விடாத வலி, காய்ச்சல், மஞ்சள் காமாலை இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்க. மாத்திரையை நம்பி நாள் கடத்துவதுதான் உண்மையான ஆபத்து.