மூன்றெழுத்துக்குப் பின்னால் ஓர் ஊர்

2018ல் வெளியான ‘கே.ஜி.எஃப்’ கன்னடப் படமும், 2022ல் வந்த அதன் இரண்டாம் பாகமும் கோலார் தங்கவயலின் பெயரை நாடெங்கும் பரப்பின. சம்மட்டி, துப்பாக்கி, சங்கிலியில் கட்டுண்ட அடிமைகள், அவர்களை மீட்க வரும் ஒற்றை நாயகன் என்று படம் பரபரத்தது. படப்பிடிப்பு தங்கவயலின் சயனைட் மேடுகளிலும் நடந்தது. ஆனால் கதைக்குள் அந்த ஊர்க்காரர்கள் இல்லை.

நிஜக் கதை வேறு. 1880ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் சுரங்கங்களைக் கையில் எடுத்தது. வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்தார்கள். பெரும்பாலோர் தலித்துகள், தமிழ் பேசுபவர்கள். அவர்கள் விடுதலைக்கு நாயகனை எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை. 1930ல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். 1946 நவம்பர் 4ல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். அயோத்திதாசருக்குப் பிறகு ‘தமிழன்’ இதழை 1920களில் மீண்டும் நடத்தியதும் இந்த ஊர்தான். ஆசிரியர் ஜி. அப்பாதுரையார்.

பா. ரஞ்சித்தின் ‘தங்கலான்’ (2024) இந்த முன்னோர்களைத் திரைக்குக் கொண்டுவந்தது. ஆனால் அதுவும் தொன்மமும் மாயமும் கலந்த புனைவே. புனைவில் அது தவறல்ல. ஆனால் சில விஷயங்களைச் சம்பந்தப்பட்டவர்களின் வாயால் கேட்டாக வேண்டும். ஆவணப்படத்தின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. குளிரூட்டிய காற்றை உள்ளே அனுப்பினால்தான் அந்த ஆழத்தில் வேலை செய்ய முடியும். துளையிடும்போது பறந்த கல்தூள் நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் நோயாகியது. 1940களில் நடந்த ஆய்வில், சோதிக்கப்பட்ட தொழிலாளர்களில் 40 சதவீதத்துக்கும் அதிகமானோருக்கு இந்நோயின் அறிகுறி தெரிந்தது. புள்ளிவிவரம் இவ்வளவுதான் சொல்லும். இருமிக்கொண்டே இரவைக் கழித்த வீடு எப்படி இருந்தது என்பதை அந்த வீட்டு மனைவியோ மகளோதான் சொல்ல முடியும்.

அரசுடைமையாகி, 1972ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனமான பிறகும் நஷ்டம் தொடர்ந்தது. 2001 பிப்ரவரி 28ல் சுரங்கங்கள் மூடப்பட்டன. மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் போகும் ரயில் ஊரின் புதிய உயிர்நாடியானது. தாத்தா தங்கம் தோண்டினார். பேரன் விடியுமுன் ரயிலேறிக் கூலி வேலைக்கோ காவல் வேலைக்கோ போகிறான். தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டப்பட்ட மண் மட்டும் 3 கோடி டன்னுக்கும் மேல் மேடு மேடாக நிற்கிறது. அதிலும் மிச்சத் தங்கம் உண்டு என்று ஏல முயற்சிகள் நடக்கின்றன. அந்த மண்ணின் தூசியைச் சுவாசிப்பவர்கள் பற்றிப் பேச்சு குறைவு.

தமிழில் இதற்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். 1999 ஜூலை 23ல் திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர் ஊர்வலத்தில் தடியடிக்குப் பின் 17 பேர் இறந்ததை ஆர்.ஆர். சீனிவாசனின் ‘நதியின் மரணம்’ பதிவு செய்தது. கையால் மலம் அள்ளும் கொடுமையைப் பற்றித் திவ்யபாரதி எடுத்த ‘கக்கூஸ்’ (2017) யூடியூப் வழியாகவே பலரைச் சென்றடைந்தது. பெரிய தயாரிப்பாளரோ திரையரங்கோ இல்லாமலே பார்வையாளர்களை அடைய முடியும் என்பதற்கு இது சாட்சி.

எச்சரிக்கையும் உண்டு. ஆனந்த் பட்வர்தனின் ‘பம்பாய்: நமது நகரம்’ (1985) படத்தில் வீடிழந்த பெண் ஒருவர் கேமராவைப் பார்த்தே சீறுகிறார்: ஏழைகளைப் படம் பிடித்துப் பெயர் வாங்கிக்கொள்ளத்தானே வந்திருக்கிறீர்கள் என்று. பட்வர்தன் அந்தக் கோபத்தை வெட்டி எறியவில்லை. தங்கவயலுக்குப் போகும் கேமராவும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. இடிந்த சுரங்கக் கோபுரமும் அந்தி வானமும் அழகான காட்சிகள். அவற்றோடு திரும்பி வந்தால் அது சுற்றுலாப் படம்.

அவகாசமும் அதிகமில்லை. 1970களின் தொடக்கத்தில் இருபது வயதில் சுரங்கத்தில் இறங்கியவருக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. அவர்களைப் பேசவைத்து எடுக்கும் படம் முதலில் ஓட வேண்டிய இடம் திரைப்பட விழா அல்ல, ஆண்டர்சன்பேட்டையும் மாரிக்குப்பமும்தான். பார்க்க வந்த முதியவர் ஒருவர் எழுந்து, “அப்படி இல்லை தம்பி” என்று திருத்தினால், அந்தத் திருத்தமும் படத்தில் சேர வேண்டும்.